கழிவுநீர்க் குழாய் அடைத்த பிறகு வண்டி அனுப்புவதோடு நிற்காமல், அடைக்காமல் காக்க ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
தெருக் குடியிருப்போர் சார்பாக, தாழ்ந்த முனையில் உள்ள தரைத்தள வீட்டுக்காரர்.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வீடுகளிலும் தெருவிலும் கழிவுநீர்க் குழாய்களும் கழிப்பறைகளும் அடைத்துக்கொள்ளாமல் தடுக்க நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு தெருவின் தாழ்ந்த முனையில், தரைத்தளத்தில் இருக்கிறது. கடந்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை கழிப்பறைக்குப் போன என் தாயார் கதவருகிலேயே நின்றுவிட்டார். கோப்பை வழியாகக் கழிவுநீர் பொங்கி, குளியலறையை நிறைத்து, கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் ஒரு குழாயைக்கூடத் திறக்கவில்லை. வந்தது முழுக்க மாடி வீடுகளிலும் மேட்டுப் பக்கத்து வீடுகளிலும் விட்ட தண்ணீர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் தண்ணீர் எப்போதும்போல இறங்கிப் போயிருக்கிறது. தெருக்குழாய் அடைத்துக்கொண்டால் தேங்கும் நீர் எந்த வாய் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் வெளியே வரும். அந்தத் தாழ்வான வாய் எங்கள் வீட்டுக் கழிப்பறை.

புகார் கொடுத்து இரண்டு நாள் கழித்து, அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்டிங் வண்டி வந்தது, அடைப்பை எடுத்தது, போய்விட்டது. அந்த ஊழியர்களுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் மூன்று வாரத்தில் அதே மேன்ஹோல் மறுபடி நிரம்பியது. அப்புறம் இன்னொரு முறை. ஒரே இடம் மூன்று தடவை அடைத்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம். இந்த மனுவில் நாங்கள் கேட்பது அந்தக் கேள்விக்கான பதிலும், அதையொட்டிய வேலையும்தான்.

மூன்றாம் முறை அடைப்பு எடுத்தபோது வெளியே போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கயிறுபோல முறுக்கிக்கொண்ட ஈரத் துடைப்பான்கள், நாப்கின், தலைமுடி, மெழுகுபோல இறுகிய கொழுப்புக் கட்டிகள், கையளவு சிமெண்டுப் பாளங்கள். இவற்றில் ஒன்றுகூடத் தெருவில் முளைத்ததில்லை. எல்லாம் ஏதோ ஒரு வீட்டிலிருந்தோ, கட்டுமான இடத்திலிருந்தோ, உணவகத்திலிருந்தோ வந்தவை.

ஈரத் துடைப்பான்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிப்பறைத் தாளைத் தண்ணீரில் போட்டால் அதன் குட்டை நார்கள் பிரிந்து கரைந்துவிடும். ஈரத் துடைப்பான் நனைந்த நிலையிலும் கிழியாமல் இருப்பதற்காகவே நீண்ட நார்களைப் பின்னிச் செய்யப்படுவது. பலவற்றில் பிளாஸ்டிக் நாரும் கலந்திருக்கும். கண்ணை விட்டு மறைந்தாலும் குழாயில் எங்காவது ஒரு பிசிறிலோ மூட்டிலோ மாட்டிக்கொள்ளும். பின்னால் வரும் முடியும் கொழுப்பும் அதைப் பிடித்துக்கொள்ளும். பொட்டலத்தின் மேல் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நம்பிப் போடுகிறவர்கள் பலர். அப்படி எழுதுவதற்கு எந்தப் பொருளுக்குத் தகுதி உண்டு என்று வரையறுக்க ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2022-இல் சேர்ந்து ஒரு தரநிலையே வெளியிட வேண்டியிருந்தது.

கொழுப்பு அடுத்த எதிரி. சூடாக இருக்கும்போது எண்ணெய் தண்ணீர்போல இறங்கும். சிங்கைத் தாண்டிக் குளிர்ந்த குழாய்க்குள் போனதும் சுவரில் படியும். கழிவுநீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, சோப்பு உருவாகும் அதே முறையில் கெட்டிப்பட்டுவிடும். வெந்நீரும் சோப்புத்தூளும் ஊற்றினால் போய்விடும் என்று பல வீடுகளில் நம்புகிறோம். போவது நம் குழாயை விட்டு மட்டும்தான். நூறு அடி தள்ளி ஆறிப்போய் மறுபடி படியும். 2017-இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் கொழுப்பும் துடைப்பான்களும் சேர்ந்த ஒரே அடைப்பு சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு, ஏறக்குறைய 130 டன் எடையில் இருந்தது. அதைப் பெயர்த்தெடுக்கப் பல வாரங்கள் ஆயின. அவ்வளவு பெரிய ஊரின் சாக்கடைக்கே இந்த நிலை என்றால், நம் தெருவின் சிறு குழாய் எம்மாத்திரம்?

எனவே எங்கள் முதல் வேண்டுகோள் குப்பை சேகரிப்பைப் பற்றியது. ‘போடாதீர்கள்’ என்று சொல்வதற்கு முன்னால், எங்கே போடுவது என்பதற்கு வழி வேண்டும். நாப்கினையும் டயாப்பரையும் துடைப்பானையும் கழிப்பறைக்குள் தள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் அலட்சியக்காரர்கள் அல்லர். அதைக் குப்பை வண்டிக்காரர் முன்னால் நீட்டக் கூச்சப்படுகிறவர்கள், மூடி போட்ட தொட்டியே இல்லாத பொதுக் கழிப்பறைக்குள் தவிக்கிறவர்கள். இவற்றைத் தாளில் சுற்றித் தனியாக வாங்கிக்கொள்ள வாராவாரம் ஓர் ஏற்பாடு செய்யுங்கள். பள்ளிகள், அலுவலகங்கள், பொதுக் கழிப்பறைகள் எல்லாவற்றிலும் ஒவ்வோர் அறைக்குள்ளும் மூடியுள்ள தொட்டி கட்டாயம் என்று உத்தரவிடுங்கள். பயன்படுத்திய எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்றும் வேண்டும். உணவகங்களில் கொழுப்புத் தடுப்புத் தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அதைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்ற பதிவையும் கேட்க வேண்டும். நிரம்பி வழியும் தடுப்புத் தொட்டி இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, வாட்டம், அதாவது குழாயின் இறக்கம். எங்கள் தெருவுக்கு வந்த அனுபவமுள்ள பிளம்பர் ஒருவர் முதல் பார்வையிலேயே சொன்னது இதைத்தான்: ‘வாட்டம் சரியில்லாத குழாயை எத்தனை முறை குத்தினாலும் அது அடைக்கும்.’ வீட்டுக் கழிப்பறையிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய்க்குப் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் இறக்கம் 40-க்கு 1. அதாவது 4 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர். அது குறைந்தால் தண்ணீர் முன்னால் ஊர்ந்து போகும், கழிவு பின்னால் தங்கிவிடும். நேர்கோணத்தில் ஒரே எல்போ (முழங்கை போன்ற இணைப்புத் துண்டு) போட்டுத் திருப்பினால் அந்த மூலையே அடைப்புக்கு வீடாகும். இரண்டு 45 பாகை வளைவாகத் திருப்பினால் ஓட்டம் தடைபடாது, கம்பி விட்டுச் சுத்தம் செய்யவும் முடியும். திசை மாறும் இடங்களில் சேம்பர் (திறந்து பார்க்கும் சிறு தொட்டி) வைத்து, அதன் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைக்காமல் விட வேண்டும்.

இவையெல்லாம் குழி திறந்திருக்கும் அந்த ஓரிரு நாட்களில் மட்டுமே பார்க்கக்கூடியவை. மண் போட்டு மூடிவிட்டால் அவ்வளவுதான், இருபது வருடத்துக்கு அந்த வீட்டுக்காரர் தலையெழுத்து. ஆகவே புதுக் கட்டடத்துக்கு இணைப்புக் கொடுக்கும் முன்பு, குழாயை மூடுவதற்கு முன்பாக ஒரு பொறியாளர் வந்து மட்டம் பார்க்கட்டும். குழாயின் உள்வாயைவிடச் சற்றே சிறிய பந்தை மேல் முனையில் விட்டு, அது கீழ் முனையில் தடையின்றி வெளிவருகிறதா என்று சோதிக்கட்டும். உள்ளே சிமெண்டு வழிந்து இறுகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சான்று இல்லாமல் இணைப்பு கூடாது. கட்டுமான இடங்களில் கலவைச் சட்டி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதையும் இதே கண்டிப்போடு நிறுத்த வேண்டும்.

மழைநீர் இணைப்பு இன்னொன்று. மொட்டை மாடித் தண்ணீரை இறக்கும் குழாயைப் பலர் கழிவுநீர் சேம்பரிலேயே சேர்த்துவிட்டிருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு அளவெடுத்துப் போட்ட குழாய் ஒரு பெருமழையைத் தாங்காது. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்த மூன்று முறையில் இரண்டு முறை வெளியே மழை. வீடு வீடாகப் பார்த்து, இப்படிச் சேர்த்தவர்களுக்கு அபராதத்துக்கு முன்னால் ஓர் அவகாசம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். தாழ்வான இடத்து வீடுகளுக்கு, நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பொருத்த வழிகாட்டுதலும் தொழில்நுட்ப உதவியும் தாருங்கள். அந்த வால்வுக்கும் அவ்வப்போது சுத்தம் தேவை. அதையும் சொல்லியே கொடுக்க வேண்டும்.

தெருக்குழாய்க்கு வருகிறேன். எந்த மேன்ஹோல் எத்தனை முறை அடைத்தது என்று புகார்ப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். ஓர் ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் அடைத்தவற்றைத் தனியாகக் குறித்து, புகாருக்குக் காத்திராமல் மழைக்காலத்துக்கு முன்பும் நடுவிலும் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகும் அடைத்தால் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். மரத்தின் வேர் ஈரம் தேடி மூட்டுக்குள் நுழைந்திருக்கலாம், குழாய் அமுங்கி வயிறு போட்டிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஜெட்டிங் பதில் ஆகாது. அந்தத் துண்டை மாற்றினால்தான் தீரும்.

எந்த நிலையிலும், எவ்வளவு அவசரமானாலும், ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் இறக்கக் கூடாது. இரண்டாம் முறை அடைத்தபோது வண்டி வரத் தாமதமாகும் என்று ஒருவர் ஓர் இளைஞரை அழைத்து வந்தார். அவர் சட்டையைக் கழற்றுவதைப் பார்த்து நாங்கள் தடுத்துவிட்டோம். கழிவுநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போதே மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று அவர் நினைக்கும் நேரத்தில் ஆபத்து கூடியிருக்கும். எங்கள் வீடு இன்னும் ஒரு நாள் நாறட்டும், பரவாயில்லை. வண்டி வரும் வரை காத்திருப்போம்.

வீடுகளில் நாங்கள் செய்ய வேண்டியதும் நிறைய உண்டு. அதைச் சொல்லித்தர நகராட்சியே அரைப்பக்கத் துண்டறிக்கை ஒன்றை வீட்டுக்கு வீடு கொடுத்தால் நல்லது. அதில் இருக்க வேண்டியவை என்று நாங்கள் நினைப்பது இதுதான். பாத்திரத்தில் ஒட்டியுள்ள எண்ணெயைக் கழுவும் முன் தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்கிலும் குளியலறையிலும் ஜாலி போட்டு, சேரும் முடியையும் சக்கையையும் அன்றன்றே எடுங்கள். கழிப்பறையில் மலம், சிறுநீர், தண்ணீர், கழிப்பறைத் தாள் தவிர வேறெதுவும் போகக் கூடாது; பஞ்சு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல், மாத்திரை எதுவுமே.

தண்ணீர் மெதுவாக இறங்குவது, ஒரு குழாயில் விட்டால் இன்னொன்றில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வருவது, திடீரென நாற்றம் அடிப்பது, இவை குழாய் முன்கூட்டியே கொடுக்கும் சேதி. கழிப்பறைக் கோப்பையிலும் சிங்குக்கு அடியிலும் உள்ள வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. 1775-இல் ஸ்காட்லாந்துக் கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கமிங் காப்புரிமை பெற்ற அந்த வளைவு இன்றும் அதே வேலையைச் செய்கிறது. மேலே போகும் காற்றுப் போக்குக் குழாயான வென்ட் பைப்பைக் குருவிக்கூடோ சருகோ அடைத்தால் அந்தத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் உள்ளே வரும். இது தெரியாமல் வாசனைத் திரவம் வாங்கி ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டியது ஒன்று: அடைப்பு நீக்கும் காரத்தூளோடு ஆசிட்டையோ, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. முதலாவது கொதித்து முகத்தில் தெறிக்கும், இரண்டாவது குளோரின் வாயுவைக் கிளப்பும். மூடிய கழிப்பறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. முதலில் ரப்பர் கிண்ணம் போட்ட அழுத்தும் கோலால், அந்தக் கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து அழுத்திப் பார்க்கட்டும். பெரும்பாலான அடைப்பு அதிலேயே இளகும்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகள் அது நிரம்பி வழிந்த பிறகே வண்டியைக் கூப்பிடுகின்றன. அடியில் சேரும் கசடைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்று நினைவூட்ட, வரி ரசீதிலேயே ஒரு வரி அச்சிடலாம்.

முதற்கட்டமாக எங்கள் தெருவின் மூன்று மேன்ஹோல்களையும் கேமரா விட்டு ஆய்வு செய்து, அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாகச் சீர் செய்து தருமாறும், மற்ற கோரிக்கைகளின் மீது எடுக்கும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால், சேம்பர் மூடிகளைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வீட்டு இணைப்பும் எங்கே சேர்கிறது என்று காட்ட ஆட்கள் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருக் குடியிருப்போர்.

இணைப்பு: அடைப்பு ஏற்பட்ட இடங்களும் தேதிகளும் குறித்த கை வரைபடம்; குடியிருப்போர் கையொப்பங்கள்.