மோயாற்றில் குஞ்சு விடுவதற்கு முன்

அன்புள்ள முத்து,

நலம். வீட்டிலும் அனைவரும் நலம். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலையைக் காரணம் காட்டலாம். மற்றவர்களிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் நம்பியதுபோல் இருந்துகொள். இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கடைசிப் பத்தியில் நீ போகிறபோக்கில் எழுதியிருந்த செய்தி. ஆடிப்பெருக்கை ஒட்டி உங்கள் குழு மகசீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டை மீனின் குஞ்சுகளை வாங்கி, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் மோயாறு வந்து கலக்கும் பக்கமாக விடப்போகிறது என்றும், வனத்துறையிடம் அனுமதி கேட்டிருக்கிறீர்கள் என்றும், விழாவில் நான் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். என்னை மேடையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைக் கல்லூரி ஆண்டுவிழாவிலேயே பார்த்தவன் நீ. ஆகவே பேச வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அந்தக் குஞ்சுகளை விடாதீர்கள்.

காவிரியின் திமில் மகசீரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுத்ததாக நினைவில்லை. தலைக்குப் பின்னாலிருந்து முதுகுத் துடுப்பின் அடிவரை மேடிட்டு எழும் திமிலும், ஆரஞ்சு நிற வால் துடுப்பும், உள்ளங்கையை நிறைக்கும் செதில்களும் கொண்ட அந்தக் கெண்டையினத்து மீன், 1946-இல் காவிரியின் கிளையாறான கபினியில் ஒருவர் தூண்டிலில் சிக்கியபோது 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. அப்பேர்ப்பட்ட மீன் எந்த இனம் என்பதே 2018 வரை முடிவாகவில்லை என்றால் நம்புவாயா? அமராவதியில் சேரும் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து, குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் 'டோர் ரெமாதேவி' என்றொரு இனத்தை விவரித்திருந்தார்கள். காவிரியின் இந்தப் பூதமும் அதே இனம்தான் என்பதை, மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, மீன் ஆய்வாளர்களான ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் அவர்களுடைய குழுவினரும் 2018-இல் நிறுவினார்கள். இனம் எதுவென்று தெரியாத உயிரை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் செம்பட்டியலில் சேர்க்க வழியில்லை. தெரிந்த அதே ஆண்டில் அது நேராக 'மிகவும் அருகிய இனம்' என்ற வரிசையில் போய் உட்கார்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அந்த மீன் கிடைத்த இடம் எது தெரியுமா? உங்கள் மோயாறு.

இனி, நீங்கள் வாங்கப்போகும் குஞ்சுகளுக்கு வருகிறேன். பண்ணைகளில் மகசீர் என்று கிடைப்பது பெரும்பாலும் நீலத்துடுப்பு மகசீர், அதாவது டோர் குத்ரீ. அது கிருஷ்ணா படுகையின் மீன். 1839-இல் சைக்ஸ் அதை முதலில் விவரித்ததே புனே பக்கத்து மூளா, முட்டா ஆறுகளிலிருந்துதான். மகசீர்கள் குறைகின்றனவே என்ற உண்மையான கவலையில், லோனாவாலாவில் அதைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைப் பல மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். அவற்றில் ஒரு பங்கு காவிரியிலும் விடப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, முத்து. உங்கள் குழுவைப் போலவே நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

பின்னால் நடந்தது தெரியவந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் கலிபோரே என்ற இடத்தில் தூண்டில்காரர்களுக்கான முகாம் ஒன்று இருந்தது. பிடித்த மீனை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, மறுபடியும் ஆற்றில் விட்டுவிடுவது அங்கே வழக்கம். முகாம் மூடப்பட்ட 2012 வரையிலான குறிப்பேடுகளைப் பிண்டரின் குழு எடுத்து அலசியது. நம் ஆசிரியர் கெளுத்தி சார் பார்த்திருந்தால் 'இதெல்லாம் தரவா?' என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருப்பார். ஆனால் பொழுதுபோக்குக்காக எழுதிவைத்த அந்த எண்களில் கதை தெளிவாக இருந்தது. 1990-களின் தொடக்கம் வரை தூண்டிலில் பெரும்பாலும் சிக்கியது திமில் மகசீர். அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே நீலத்துடுப்பு. அதைவிடக் கலங்கவைத்தது வேறொன்று: அரிதாகச் சிக்கிய திமில் மகசீர்களின் எடை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்திபோலத் தோன்றும். ஊர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நரைத்த தலைகள் மட்டுமே வந்தால் அந்த ஊரைப் பற்றி என்ன நினைப்பாய்? கிழடுகள் மிஞ்சியிருந்தன, குஞ்சுகள் வந்து சேரவில்லை.

"அணை கட்டினார்கள், வெடி போட்டார்கள், மணலை அள்ளினார்கள், எல்லாப் பழியும் வந்த மீனுக்கா?" என்று நீ கேட்பாய், கேட்காவிட்டால் நீ முத்து இல்லை. கேள்வி நியாயமானது. புதிய மீன் பழையதை எப்படி ஒதுக்கியது, இரைக்கான போட்டியா, முட்டையிடும் இடத்துக்கான போட்டியா என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் வெடியை நிறுத்தலாம், மணல் லாரியை மறிக்கலாம், அணையிலிருந்து வரும் நீரைக்கூடப் பேசி ஒழுங்குபடுத்தலாம். ஆற்றில் பெருகிவிட்ட மீனை மட்டும் எந்த வலையைப் போட்டும் திரும்ப அள்ள முடியாது. காவிரியில் நடந்துவிட்டதை, இருக்கிற மிச்சமும் ஒதுங்கி வாழும் மோயாற்றின் வாசலில் நாமே நடத்த வேண்டுமா?

குழுவினரின் உற்சாகம் வீணாகும் என்று வருந்தாதே. வெடிவைத்துப் பிடிப்பதைக் கண்காணிக்கவும், கோடையில் தண்ணீர் நிற்கும் ஆழமான மடுக்களைக் குறித்துவைக்கவும் ஆட்கள் போதாமல்தான் இருக்கிறார்கள். கரையோர மீனவர்கள் வலையில் படும் மகசீரின் வாலையும் முதுகையும் படமெடுத்துத் தேதியுடன் சேர்த்துவைத்தாலே கலிபோரே குறிப்பேடுகளைப் போன்ற ஒன்று நம் பக்கத்திலும் உருவாகும். எதையாவது ஆற்றில் விட்டால்தான் விழா என்று உங்கள் தலைவர் பிடிவாதம் பிடித்தால், முளைப்பாரியை விடட்டும்.

குஞ்சுகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? எந்தப் பண்ணை, என்ன இனம் என்று எழுதித் தந்தார்களா? ரசீதின் படத்தை உடனே அனுப்பு. அனுமதி கேட்டுக் கொடுத்த மனுவின் நகலும் வேண்டும்; அதைத் திரும்பப் பெறுவதற்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ராசு