என் அப்பாவுக்குக் கணக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 31 இதழ் மூன்றாம் பக்கத்தில் உலக ஆள்கடத்தல் எதிர்ப்பு நாள் பேரணிச் செய்தி பார்த்தேன். நாலு பத்தி அகலத்துக்குப் படம். வெயிலில் பதாகை பிடித்து நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள், நடுவில் சால்வையோடு சிறப்பு விருந்தினர். சரி, உங்கள் பக்கம், உங்கள் படம். ஆனால் அதன் கீழே ஒரு வரி போட்டிருந்தீர்கள்: பெண் பிள்ளைகள் கொத்தடிமைகளாக மாட்டிக்கொள்வதற்குப் பெற்றோரின் அறியாமையே காரணம் என்று. விருந்தினர் பேசியதா, நிருபர் சேர்த்ததா, தெரியவில்லை. மேற்கோள் குறி இல்லாததால் பத்திரிகையின் கருத்து என்றே எடுத்துக்கொண்டேன்.

என் அப்பா எட்டாவது வரை படித்தவர். 2001-இல் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலைக்கு என்னை அனுப்பினார். எனக்குப் பதினாறு வயது. விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக 30,000 ரூபாய் என்றார்கள். பவுன் நாலாயிரத்துக்குக் கீழே இருந்த காலம். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் அப்பா கணக்குப் போட்டார். ஏழெட்டுப் பவுன் வந்தது. அக்கா கல்யாணக் கடன் வட்டியோடு நிற்கிறது, அந்த வருடம் மானாவாரிப் பருத்தி கைவிட்டுவிட்டது, அடுத்து கரையேற்ற வேண்டியவள் நான். இதில் அறியாமை எந்த வரியில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படி முடிவில் மொத்தப் பணம் என்று சொல்லி ஆள் எடுப்பதுதான் சுமங்கலித் திட்டம், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றெல்லாம்கூட அதற்குப் பெயர் உண்டு. தாலியின் பெயரைச் சொல்லி ஆள் எடுக்கலாம் என்று யோசித்தவர் நிச்சயம் எட்டாவதோடு நின்றவர் இல்லை.

ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தேன், அதாவது நூல் நூற்கும் மெஷின் வரிசையைக் கவனிக்கிற வேலை. அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே எட்டு மணி நேரம் நடை. ஆள் குறைந்தால் அடுத்த ஷிப்டுக்கும் அதே கால்கள்தான். ஞாயிற்றுக்கிழமை வார்டன் கூடவர ஒரு மணி நேரம் கடைத்தெரு. வீட்டுக்குப் போன் பேசினால் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கேட்கும். இரண்டு வருடம் பத்து மாதத்தில் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தேன், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் முடியவில்லையாம், அதனால் மொத்தத் தொகை கிடையாதாம். அப்பா மூன்று தடவை போய் வாசலில் நின்றார். கடைசித் தடவை அந்த கேட் காவலாளியே டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். மில்லிலிருந்து எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு டீதான்.

நான் அங்கே இருந்தபோது எங்கள் அறையில் ஒரு பெண் இறந்துபோனாள். உங்கள் பத்திரிகையில் நாலு வரி வந்தது. தீராத வயிற்றுவலி என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த எனக்கு அவளுக்கு வயிற்றுவலி இருந்ததே தெரியாது. நம் ஊர்ப் பெண்களுக்கு இத்தனை வருடமாக எத்தனை தீராத வயிற்றுவலி, சார்!

இதையெல்லாம் எட்டு வருடத்துக்கு முன்பு உங்களுக்கு எழுதினேன். போடவில்லை என்று சொல்ல மாட்டேன், போட்டீர்கள். மூன்று பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு வரியை எடுத்து, ‘மில் பெண்களுக்குப் பேருந்து வசதி தேவை’ என்று தலைப்பு வைத்துப் போட்டீர்கள்.

பேரணிப் படத்தில் இடது ஓரம் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பவள் என் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அன்று அவள் பதாகை பிடித்தது பேராசிரியர் சொன்னதற்காக. மே மாதம் செய்தது யாரும் சொல்லாமல். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் மறுவாரமே புரோக்கர் தெருவுக்குள் வந்துவிடுவார், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். இந்த வருடம் கணக்கில் பெயிலான ஒரு பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தபோது இவளும் இரண்டு தோழிகளும் போய், மில் பெயர் என்ன, பி.எஃப். எண் கொடுப்பார்களா, மாதாமாதம் சம்பளம் பேங்க்கில் விழுமா என்று கேட்டிருக்கிறார்கள். போன் வருகிறது என்று எழுந்தவர் திரும்பி வரவில்லை. அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசிவிட்டு, அந்தப் பிள்ளைக்குத் துணைத் தேர்வுக்கு இவர்களே கட்டணம் கட்டினார்கள். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எங்கள் ஊரிலிருந்து வெளியே வேலைக்குப் போன பெண்களின் பெயர், இடம், போன் எண் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். இருபத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். உங்கள் நிருபரிடம் சொன்னேன். “போட்டோ இருக்காம்மா?” என்றார். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம், எனக்குத்தான் தோன்றவில்லை.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்கிற கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லியிருக்கிறதாம், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையாட்கள் வழக்கில். மகள்தான் படித்துக் காட்டினாள். நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முந்தைய தீர்ப்பு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதற்கும் முன்னால், 1976-இல் வந்தது. அதன்படி மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. என் அப்பாவுக்கு அது தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குழுவுக்கு என் அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டாமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே ஜூலை 31 இதழின் வரி விளம்பரத்தில் ‘திருமணமாகாத பெண்கள் தேவை, உணவு விடுதி இலவசம், உடனே அழைக்கவும்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு செல்போன் எண்ணைத் தவிர வேறு விவரம் கிடையாது. இந்த மாதிரி விளம்பரங்களில் மில்லின் பெயரையும் ஊரையும் மாதச் சம்பளத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அடியில் 1098 என்று நாலு எண்ணையும் சேர்த்து அச்சடியுங்கள். அதற்குக் கட்டணம் உண்டென்றால் சொல்லுங்கள், மணியார்டர் அனுப்புகிறேன்.

என் பெயர் வேண்டாம். அந்தப் புரோக்கர் வீடு எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆண்டிபட்டி வட்டம், தேனி மாவட்டம்.