மரி கலாந்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் சொல்லலாம்தான். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிப்ரவரியில் பத்து நாள், அதில் ஏழு நாள் கரீபியனில் குவாதலூப் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மரி கலாந்த் தீவில். நல்ல மாதமாகப் பார்த்திருக்கிறாய். குவாதலூப் பக்கம் டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரைதான் புயல் காலம். 1989 செப்டம்பரில் ஹூகோ புயல் அந்தத் தீவுகளைப் புரட்டிப் போட்டது. தானே புயலையும் கஜாவையும் பார்த்த நமக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: பிப்ரவரியில் பிரான்ஸ் பள்ளிகளுக்கும் விடுமுறை. கப்பல் டிக்கெட்டையும் வாடகைக் காரையும் இப்போதே சொல்லி வை. மரி கலாந்தில் கார் இல்லாமல் குழந்தையோடு அலைய முடியாது.

அம்மாவையும் அழைத்துப் போகலாமா என்று கேட்டாயே, அதற்காக உன்மேல் எங்களுக்கு எவ்வளவு பிரியம் என்று எழுதத் தெரியவில்லை. இந்த முறை வேண்டாம்மா. அம்மாவின் முழங்கால் ஒன்பது மணி நேர விமானத்துக்கு ஒத்துக்கொள்ளாது. விசா சிக்கலும் இருக்கிறது. குவாதலூப் பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லுகிற ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. எங்களைப் போன்றவர்கள் பாரீசுக்கு வாங்கும் விசாவை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது.

இனி கடல். 2004 டிசம்பர் 26 காலையில் கடற்கரைப் பக்கம் உன்னைத் தேடி ஓடிய ஓட்டம் இன்னும் என் காலில் இருக்கிறது. நீ பாட்டி வீட்டில் பத்திரமாக இருந்தாய், அது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. தீவின் மேற்குப் பக்கத்தில், சேன் லூயி ஊருக்கு வடக்கே இருக்கிற கடற்கரைகள் அமைதியானவை. குட்டியை அங்கே இறக்கு. கிழக்கே அட்லாண்டிக். ஃபெய்யேர் கடற்கரை போன்ற சில இடங்களில் பவளப்பாறை அலையைத் தடுத்து நிறுத்துகிறது, மற்ற இடங்களில் நீரோட்டம் பொல்லாதது. 2011இலிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கூட்டம் கூட்டமாக ஒதுங்குகிறது, அதுவும் பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும்தான். அழுகினால் கெட்டுப்போன முட்டை நாற்றம் வரும். அந்தக் காற்றில் குழந்தையை நிற்க விடாதே.

கடலைவிட எனக்குப் பயம் ஒரு மரத்தின் மேல். மான்சனிலியே என்று பெயர். கடற்கரையிலேயே வளரும். பச்சையாக, சின்ன ஆப்பிள் மாதிரி காய்க்கும், வாசனையும் இனிப்பாக இருக்குமாம். ஒரு கடி கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே சுடும். மரத்தண்டில் சிவப்புச் சாயம் பூசி அடையாளம் வைத்திருப்பார்கள், ஆனால் எல்லா மரத்துக்கும் பூசியிருக்கும் என்று நம்பாதே. கீழே கிடக்கிற எந்தப் பழத்தையும் தொடக் கூடாது என்று குட்டிக்கு இப்போதிருந்தே சொல்லிப் பழக்கு.

தீவு உனக்குப் பிடிக்கும். 158 சதுர கிலோமீட்டர்தான், அப்பம் மாதிரி வட்டம். கொலம்பஸ் 1493இல் தன் கப்பலின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனான். நீங்கள் போகிற நேரம் கரும்பு வெட்டு தொடங்கும் நேரம். அங்கே இன்னமும் மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றுகிறார்களாம். குட்டி மாட்டு வண்டியை நேரில் பார்த்ததே இல்லை. ஒரு வண்டிக்காரரிடம் கேட்டு அவளைக் கொஞ்ச தூரம் உட்கார்த்திப் போகச் சொல்லு. போட்டோ எடுத்து அனுப்பு.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

உன் திட்டத்தில் எட்டாம் நாள் "ஓய்வு, கடைவீதி" என்று இருக்கிறது. அந்த ஒரு நாளை எனக்குக் கொடு. குவாதலூப்பின் பெரிய துறைமுகமான புவாந்த் அ பித்ரில் கப்பலை விட்டு இறங்கி, காரில் தெற்கே போனால் முக்கால் மணி நேரத்துக்குள் கபெஸ்தேர் பெல் ஓ என்ற ஊர் வந்துவிடும். (மரி கலாந்திலும் ஒரு கபெஸ்தேர் இருக்கிறது, குழம்பிவிடாதே.) அங்கே சாலையோரம் ஷான்ஜி கோயில், நம் ஊர்க் கோபுரத்தைப் போலவே பொம்மைகளோடு. உள்ளே இருப்பவள் மாரியம்மன். அங்கே இருக்கிற தமிழ் வம்சாவளிக்காரர்கள் வாயில் அவள் 'மாலியெமென்'. வேப்பிலை அங்கே 'வெப்பெலெ'. மதுரைவீரன் 'மல்தெவிலென்'.

அவர்கள் யார் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. நம் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் மேஸ்திரிகள் ஆள் பிடித்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி ஏற்றினார்கள். 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதல் கப்பல் குவாதலூப்பில் கரையேறியது. 1889 வரை போனவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட அப்போது ஓட்டுரிமை கிடையாது. கபெஸ்தேரிலேயே 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904இல் அதற்காக வழக்குக்கு நின்றார். குடியுரிமை கைக்கு வந்தபோது 1923 ஆகிவிட்டது. பத்தொன்பது வருடம் விடாமல் நின்ற மனிதர். குட்டி பெரியவளானதும் அவரைப் பற்றி நீ சொல்ல வேண்டும்.

என் தாத்தாவின் அத்தை ஒருத்தி அப்படிப் போனவள். எந்தத் தீவு என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. "பிரெஞ்சுக்காரன் கரும்புத் தோட்டம்" என்று மட்டும் தாத்தா சொல்வார். ரெயூனியனாக இருக்கலாம், மார்த்தினிக்காக இருக்கலாம். ஒரு கடுதாசிகூட வரவில்லை. அவள் பெயரும் நம்மிடம் தங்கவில்லை. வருஷா வருஷம் நாகூர் கந்தூரிக்கு என்னைக் கூட்டிப் போவார். கொடி ஏற்றி வரும் கப்பல் ரதம் பக்கத்தில் வந்ததும் கையெடுத்துக் கும்பிடுவார். எதற்கு என்று கேட்டதற்கு, "கடல் தாண்டிப் போனவங்களுக்கு ஆண்டவர்தான் துணை" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது.

அந்தத் தீவுகளில் மாரியம்மனையும் மதுரைவீரனையும் கும்பிடுகிற அதே பூசையில் 'நகூர்மிரா' என்றும் ஒருவரைக் கும்பிடுகிறார்கள் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாகூர் மீரான்ம்மா, நம் நாகூர் ஆண்டவர். கப்பலில் நம் ஆட்கள் கூடவே கொண்டு போயிருக்கிறார்கள். அவருக்குக் கொடியும் ஏற்றுகிறார்கள்.

கோயிலில் பாடுகிறவரை 'வாத்தியாலு' என்பார்கள். நம் வாத்தியார்தான். அப்பன் வாய் வழியாகக் கேட்டு மனப்பாடம் செய்த தமிழ்ப் பாட்டு. பாடுகிற பலருக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் விடாமல் பாடுகிறார்கள். நீ போகிற அன்று அப்படி யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேள். உச்சரிப்பு மாறியிருக்கும், திருத்தாதே. புரிகிற வரியின் பொருளை, அவர்கள் கேட்டால், பிரெஞ்சில் சொல். உனக்கு இரண்டு மொழியும் தெரியும், அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும் என்று யோசித்துப் பார். வெளியாள் மாதிரி செல்போனை நீட்டிக்கொண்டு நிற்காதே, முதலில் கேட்டுக்கொள்.

மாப்பிள்ளை அருவி பார்க்க வேண்டும் என்றாராமே. கார்பே அருவியும் அதே கபெஸ்தேர் பெல் ஓவில்தான், மூன்று அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர் உயரம். காலையில் அருவி, சாயங்காலம் கோயில். ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதைக் கணக்கில் வை.

அடுத்த மாதம் பாரீஸ் வரும் எதிர் வீட்டுத் தம்பியிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். நம் தெரு மாரியம்மன் கோயில் குங்குமம், நாகூரில் வாங்கிய ஊதுபத்தி. இரண்டையும் அங்கே பூசாரியிடம் கொடுத்து, காரைக்காலிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்.

அம்மாவுக்கு ஒரே ஆசை. அங்கே ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் போடுகிற 'கொலொம்போ' பொடி சந்தையில் கிடைக்கும். மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் அதில் உண்டு. 'குழம்பு' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்று பலர் சொல்கிறார்கள். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள். ஒரு பாக்கெட் போதும்.

அன்புடன்,
அப்பா