உடல்நலப் பக்கங்களின் ஆசிரியர்களுக்கு: கீரைகளுக்கு மதிப்பெண் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கீரைகளைப் பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளில் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ (செல்களைச் சேதப்படுத்தக்கூடிய ஃப்ரீ ரேடிக்கல்கள் எனும் நிலையற்ற மூலக்கூறுகளை அடக்கும் பொருள்) என்ற சொல் வராதது அரிது. எந்தக் கீரையில் அது அதிகம் என்று வரிசைப்படுத்தி, முதலிடம் பிடித்ததை அன்றாடம் உண்ணச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அந்த வரிசைப்படுத்தலைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இத்தகைய பட்டியல்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்தது ‘ஓராக்’ எனப்படும் ஆய்வக அளவீடு. ஓர் உணவின் சாறு சோதனைக் குழாய்க்குள் ஃப்ரீ ரேடிக்கல்களை எந்த அளவுக்கு அடக்குகிறது என்பதை மட்டுமே அது காட்டும். அந்த உணவை உண்டபின் குடலைக் கடந்து இரத்தத்தில் எவ்வளவு சேரும், சேர்ந்தபின் என்ன செய்யும் என்பதை அதிலிருந்து அறிய முடியாது. அமெரிக்க வேளாண் துறை, இந்த எண்களின் தொகுப்பைத் தன் இணையதளத்திலிருந்து 2012-இலேயே நீக்கிவிட்டது. உடலுக்குள் நிகழ்வதோடு அவற்றுக்குத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதும், நிறுவனங்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தின என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

கீரையிலுள்ள சேர்மங்கள் ஒன்றுபோல் நடந்துகொள்பவை அல்ல. பசலைக்கீரையை நிறைய நீரில் நெடுநேரம் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால், வைட்டமின் சி-யின் பெரும்பகுதி அதனுடனேயே போய்விடும். அதே கீரையிலுள்ள லூட்டின் என்ற மஞ்சள் நிறமி நீரில் கரையாதது. பெரும்பாலும் இலையிலேயே தங்கும், சிறிது எண்ணெய் சேர்ந்தால் நன்றாக உறிஞ்சப்படும். உறிஞ்சப்பட்ட லூட்டினும் அதையொத்த நிறமியான சியாசாந்தினும் விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியில் குவிந்து, நீல ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துக்கொள்கின்றன. குவர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் எனும் தாவரச் சேர்மங்களோ குறைவாகவே உறிஞ்சப்பட்டு, விரைவில் வேறு வடிவங்களுக்கு மாறிவிடுகின்றன. இவை அனைத்தையும் ஒரே எண்ணுக்குள் அடைப்பதில் என்ன பயன்?

முட்டைக்கோஸ், கடுகுக்கீரை, கேல் ஆகியவற்றின் குடும்பம் இன்னும் நல்ல சான்று. அவற்றின் இலையில் குளுக்கோசினோலேட்டுகள் எனும் கந்தகச் சேர்மங்களும், அவற்றைப் பிளக்கும் மைரோசினேஸ் என்ற நொதியும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்கின்றன. கத்தி பட்டு இலை நறுங்கும்போதுதான் இரண்டும் கலந்து ஐசோதயோசயனேட்டுகள் உருவாகின்றன. கடுகுக்கீரையை நறுக்கும்போது மூக்கில் ஏறும் காரநெடி அவற்றுடையதே. வெப்பம் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே முழு இலையைக் கொதிநீரில் போடுவதற்கும், நறுக்கிச் சிறிது நேரம் விட்டுவைத்துப் பிறகு மிதமாகச் சமைப்பதற்கும் வேறுபாடு உண்டு. (குடல் நுண்ணுயிர்களும் இம்மாற்றத்தை ஓரளவு செய்கின்றன என்பதால் முதல் முறை முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன்.) இக்குடும்பத்தில் பெரிதும் பேசப்படும் சல்ஃபோரஃபேன் என்ற ஐசோதயோசயனேட், ஃப்ரீ ரேடிக்கல்களை நேரடியாக அடக்குவதைவிட, நம் செல்களின் சொந்தப் பாதுகாப்பு நொதிகள் உருவாவதைத் தூண்டுவதன் மூலமே செயல்படுகிறது. சோதனைக் குழாய் எண்ணில் இது இடம்பெறவே வழியில்லை.

இந்த எண்களுக்குப் பின்னால் மாத்திரை விளம்பரங்களும் வந்து நிற்கின்றன என்பதால் இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டியுள்ளது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் (கீரைகளிலும் உள்ள ஓர் ஆன்டிஆக்சிடன்ட் நிறமி) மாத்திரை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. கீரையில் இயல்பாக உள்ள அளவுக்கும், பிரித்தெடுத்து அதிக அளவில் தரப்படும் மாத்திரைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உங்கள் கட்டுரைகள் ஒருவரியிலாவது சொல்ல வேண்டாமா?

எனவே கீரையைப் பற்றி இனி வெளியிடும்போது, சேர்மத்தின் பெயரையும், எப்படிச் சமைத்தால் அது எஞ்சும் என்பதையும், யார் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பசலையில், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் மிகுதி என்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ‘தினமும் உண்ணுங்கள்’ என்ற பொது அறிவுரை பொருந்தாமல் போகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களுக்கு, கீரையிலிருந்து கிடைக்கும் வைட்டமின் கே திடீரெனக் கூடினால் அது மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை, உண்ணும் அளவைச் சீராக வைத்துக்கொண்டு, மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டு எச்சரிக்கைகளையாவது அடுத்த கட்டுரையிலேயே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்