டிஃபரன்ஷியலை இறக்கும் முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கார்களை வீட்டிலேயே புதுப்பிப்பவர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். பெயின்ட், சீட், குரோம் பற்றியெல்லாம் விரிவாக இருந்தது. சத்தம் பற்றி மட்டும், ‘பின்னால் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலை மாற்றிவிடலாம்’ என்று ஒரே வரி. (பின் அச்சின் நடுவில் இருந்து, சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல்.) அந்த வரியை நம்பி யாரும் ஸ்பேனரை எடுத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா வாங்கிய 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4 காரை வீட்டு வாசலில் வைத்துச் சரி செய்து வருகிறேன். கிளட்சை விட்டதும் பின்பக்கம் ‘டொக்’. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டொக்’. மெதுவாகப் போனால் ‘கீச் கீச்’. ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் டிஃபரன்ஷியல் போய்விட்டது, இறக்க வேண்டும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. மகளை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, தெருவில் கூடவே நடந்து கேட்டேன். பின்சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் நாலைந்து கீச். இந்தக் காரில் சக்கரம் ஒரு சுற்று வர, கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றும். அப்போதே சக்கர பேரிங் மீதிருந்த சந்தேகம் நீங்கி, ஷாஃப்ட் பக்கம் திரும்பியது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஷாஃப்ட்டைக் கையால் திருகினேன். ஷாஃப்ட் அசைகிறது, அது பூட்டியிருக்கும் டிஃபரன்ஷியல் பக்கத் தட்டான பினியன் ஃபிளேஞ்ச் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டான கிராஸ்தான் தேய்ந்து ஆடுகிறது. அதன் நுனியை மூடும் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் துரு. கிரீஸ் வற்றியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சில நூறு ரூபாய்ச் சாமான். மாற்றியதும் இரண்டு சத்தமும் நின்றுவிட்டன.

டிஃபரன்ஷியல் கெட்டால் அதன் சத்தமே வேறு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிடும். காலை எடுத்ததும் ஊளை மாறும் அல்லது அடங்கும். கால் வைத்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி இரைந்து, வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்கைப் பாருங்கள். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அது டயர். முதல் மூன்று கியரிலும் இரைச்சல் இருந்து, டாப் கியரில் மட்டும் காணாமல் போனால் கியர் பாக்ஸில் லேஷாஃப்ட் எனும் துணைத் தண்டின் பக்கம் கோளாறு. டாப் கியரில் இழுவை லேஷாஃப்ட் வழியாகப் போகாமல் நேராகப் போய்விடுகிறது, அதனால்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரௌன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் ஜோடியாக ஓடிப் பழகியவை. மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளி பார்த்துப் பூட்டவும் தெரிய வேண்டும். நல்ல டிஃபரன்ஷியலைத் தேவையில்லாமல் கழற்றிப்போட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையில் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியதென்றே தெரியாத ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும் இரண்டு ஃபிளேஞ்சிலும் குறி போட்டுக்கொள்ளுங்கள். இருந்தபடியே திரும்ப மாட்டினால் புதிதாக அதிர்வு வராது. அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். அடுத்த இணைப்பில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை