மூவலூர் அம்மையாரைப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் மயிலாடுதுறையில் காலேஜ் படிக்கிறாள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு நடத்தும் புதுமைப்பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. போன வாரம் பணம் ஏறிய மெசேஜைப் பார்த்துக்கொண்டே, "இந்தத் திட்டத்துக்குப் பேர் வச்சிருக்காங்களே, இராமாமிர்தம், அவர் யாரும்மா?" என்று கேட்டாள். யாரோ ஒரு பெரியவர், ஆண் என்றே நினைத்திருக்கிறாள். குத்தாலத்திலிருந்து தினமும் அவள் போகும் பஸ் மூவலூர் வழியாகத்தான் போகிறது. எனக்கு மனசே ஆறவில்லை.

1883-ல் பிறந்தவர் அவர். குடும்பத்தைத் தாங்க முடியாமல் அப்பா ஊரைவிட்டுப் போய்விட, பெற்ற தாயே 10 ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் பிள்ளையை ஒரு தாசி வீட்டில் விற்றுவிட்டார். ஆட்டம் பாட்டெல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டார். வளர்ந்ததும் ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள்; முடியவே முடியாது என்று நின்று, பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் காங்கிரஸ், கதர், 1925-ல் பெரியாரோடு வெளியேறியது. பெண் பிள்ளைகளைக் கோயிலுக்கு தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று சொந்த சமூகத்துக்குள்ளேயே போய்ப் பேசினார், அதைவிடக் கஷ்டம் வேறென்ன இருக்கிறது? தான் பட்டதை வைத்து 1936-ல் ஒரு நாவலே எழுதினார்.

1938 இந்தி எதிர்ப்பு நடைப்பயணத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு 42 நாள், ஆகஸ்ட் 1-ம் தேதி கிளம்பி செப்டம்பர் 11-ம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். சுமார் நூறு ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண், அதுவும் 55 வயதில். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு ராத்திரி தங்க இடம், குளிக்க மறைவு, இதெல்லாம் வழியில் என்ன பாடாக இருந்திருக்கும் என்று பெண்களுக்குத்தான் தெரியும். சரி, நடந்து முடித்தாரே, வீட்டில் உட்கார்ந்தாரா? அதே நவம்பரில் மறியல் செய்து ஆறு வாரம் சிறைக்குப் போனார். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 1962-ல் கண் மூடினார்.

என் கோரிக்கை பெரிதில்லை. திட்டத்தில் சேரும் பெண்களுக்கு அவருடைய படமும் வாழ்க்கையும் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுங்கள். மூவலூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பலகை வையுங்கள், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.

— ஒரு மாணவியின் அம்மா, குத்தாலம்