கொடியில் இரண்டு மலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு படிக்கவும் எழுதவும் தடை போட்டிருந்தார்கள், நேற்றுதான் விடுதலை.

பேத்திக்குப் பள்ளியில் ஆளுக்கொரு நாட்டைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு விழுந்தது செயின்ட் லூசியா, கரீபியக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. தாள் முழுக்க நீலம் தீட்டி, நடுவில் கறுப்பு முக்கோணம், அதன்மேல் மஞ்சள் முக்கோணம் வரைந்துவிட்டு, "கொடியில் எதற்குத் தாத்தா மலை?" என்றாள். கடலோரம் செங்குத்தாக எழுந்து நிற்கும் பிட்டோன் மலைகளாம் அவை. எனக்கு மட்டும் முன்பே தெரியுமா என்ன!

617 சதுர கிலோமீட்டர், சுமார் 1,80,000 பேர். இந்தத் துண்டு நிலத்துக்காக பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அடித்துக்கொண்டதில் 14 முறை கைமாறியிருக்கிறது. 1979 பிப்ரவரியில் விடுதலை. அதே ஆண்டு அந்தத் தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸுக்குப் பொருளாதார நோபல். 1992இல் அதே தீவின் கவிஞர் டெரெக் வால்காட்டுக்கு இலக்கிய நோபல். இருவருக்கும் பிறந்த நாள் ஜனவரி 23. சோதிடம் பார்க்கும் உன் மைத்துனரிடம் இதைச் சொல்லிவிடாதே.

கிரிக்கெட் பைத்தியமான உனக்கு டேரன் சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலும் கொல்கத்தாவிலும் வெஸ்ட் இண்டீஸ் கேப்டனாக அவர் டி20 உலகக் கோப்பையைத் தூக்கியபோது நாம் இருவரும் தொலைபேசியில் கத்தினோமே. அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

என்னை உறுத்தியது வேறு. லூயிஸுக்கு ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். ஐந்து பையன்களை அம்மா வளர்த்தார். பொறியாளராக ஆசைப்பட்டவர், கறுப்பரை யார் வேலைக்கு வைப்பார்கள் என்று யோசித்து லண்டனில் வணிகவியலுக்குப் போனார். வால்காட்டுக்கு அப்பா இறந்தபோது ஒரு வயதுதான். அம்மா பள்ளி ஆசிரியை, தையலும் தெரிந்தவர். மகன் பதினெட்டு வயதில் கவிதை நூல் அச்சிட 200 டாலர் கேட்டபோது, அத்தனை பணத்தை எப்படியோ புரட்டிக் கொடுத்தார். பையன் தெருமுனைகளில் நின்று பிரதிகளை விற்றான். 2024இல் பாரிஸில், மழையில், 100 மீட்டரை 10.72 விநாடியில் ஓடி அந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கமாக வாங்கித் தந்த ஜூலியன் ஆல்ஃப்ரெடுக்கும் பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். பதினான்கில் தனியாக ஜமைக்காவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்த பெண்.

தையல் என்று படித்ததும் உன் அம்மாவின் நினைவு வந்துவிட்டது. கல்லூரிக்குப் பணம் கட்ட எந்திரத்தை அடகு வைத்துவிட்டு, மீட்கிற வரை மூன்று மாதம் கையாலேயே ரவிக்கை தைத்தார்களே. எனக்கும் ஒரு சட்டை தைத்தார்கள். காலர் ஒரு பக்கம் கோணல். அந்த எந்திரம் இன்னும் உன் வீட்டில் இருக்கிறதா?

அன்புடன்,
ராமநாதன்